முறுகலுக்கு முதல் வேலை தண்ணீரில்

உருளைக்கிழங்கு ரோஸ்ட் விஷயத்தில் நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று அமலில் இருக்கிறது. கிழங்கை வேகவைத்தால் காரியம் கெட்டது. பச்சையாக வெட்டி, உப்பும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசிறி, தாராளமாக எண்ணெய் விட்டு, அடுப்பை விட்டு நகராமல் கிளறிக்கொண்டே இருந்தால்தான் அது ரோஸ்ட். வேகவைத்துச் செய்கிறவர் சோம்பேறி, இல்லாவிட்டால் பொடிமாஸுக்கும் ரோஸ்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர். "வேகவெச்சா கொழகொழன்னு போயிடும்" என்ற ஒற்றை வாக்கியத்தில் வழக்கு முடிந்துவிடும். அப்பீல் கிடையாது.

இந்தத் தீர்ப்பு அடியோடு தவறு என்பது என் கட்சி. ரோஸ்ட்டின் மொறுமொறுப்பு எண்ணெய்ச் சட்டியில் முடிகிறது, உண்மை. ஆனால் அது தொடங்குவது கொதிக்கும் உப்புத் தண்ணீரில். அந்த முதல் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிற எவரும் இரண்டில் ஒன்றைத்தான் தட்டில் வைக்க முடியும்: வெளியே கருகி உள்ளே நறுக்கென்று கடிபடும் கிழங்கு, அல்லது உள்ளே வெந்து வெளியே துவண்டுபோன கிழங்கு. முதல் வகைக்குப் பல வீடுகளில் 'நல்லா முறுகிடுச்சு' என்று பெயர். இரண்டாவது வகைக்கு 'இன்னிக்குக் கிழங்கு சரியில்ல' என்று காரணம் சொல்லப்படும்.

பச்சைக் கிழங்கு முறையை அடுப்பருகே நின்று கவனித்துப் பார்த்தால் போதும், அதன் தோல்வி கண்ணெதிரே நடக்கும். வெட்டிய துண்டுகளில் உப்பைப் பிசிறி ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுக் கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். உப்பு உறிஞ்சி வெளியே இழுத்த தண்ணீர். அதோடு சேர்த்துத்தான் துண்டுகளை எண்ணெயில் கொட்டுகிறோம். எண்ணெய் சீறுகிறது, சூடு சட்டென்று இறங்குகிறது. கிழங்கிலிருந்து கசிந்த மாவு சட்டியின் அடியைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கிறதே என்று கரண்டியால் சுரண்டுகிறோம். சுரண்டும்போது அப்போதுதான் உருவாகத் தொடங்கிய மெல்லிய பொருக்கு கிழங்கை விட்டுச் சட்டியோடு நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் ஆன பிறகு ஒரு துண்டை அமுக்கிப் பார்த்தால் உள்ளே வேகவில்லை. உடனே ஒரு கை தண்ணீர் தெளித்து, தட்டுப் போட்டு மூடுகிறோம். இந்த இடத்தைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. வேகவைக்கக் கூடாது என்று கொடி பிடித்தவர்களே கடைசியில் கிழங்கை வேகத்தான் வைக்கிறார்கள். அதுவும் எண்ணெய்க்கு நடுவில், மசாலா கருகிய பிறகு, ஆவியில். தட்டின் அடியில் திரண்ட நீர்த்துளிகள் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டுகின்றன. அதன் பிறகு தட்டை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

ஏன் இப்படி ஆகிறது? உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். துண்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கிற வரைக்கும் அதன் சூடு நீரின் கொதிநிலையான 100 டிகிரியைத் தாண்டாது, எண்ணெய் எவ்வளவு காய்ந்திருந்தாலும் சரி. நாம் விரும்பும் அந்தப் பொன்னிறமும் வறுத்த வாசனையும் நன்றாக வேகம் எடுப்பதோ சுமார் 140 டிகிரிக்கு மேல். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912இல் விவரித்த வினை அது. சர்க்கரையும் புரத வகைப் பொருள்களும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருவது. ஆக, மேற்பரப்பு முழுசாகக் காய்ந்தால்தான் ரோஸ்ட் என்ற பேச்சே ஆரம்பிக்கும். ஒரு அங்குலத் துண்டு ஒன்றின் நடுப்பகுதி வேகவும் வேண்டும், மேற்பரப்பு காயவும் வேண்டும் என்று ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தால் இரண்டும் அரைகுறை.

இப்போது தண்ணீரின் பங்கு. துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புச் சேர்த்து, கொதி வந்த பிறகு ஆறேழு நிமிஷம் விடுகிறோம். 60, 70 டிகிரி வாக்கிலேயே கிழங்கின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊதிக் கூழாகத் தொடங்குகிறது. உப்பு உள்ளே வரைக்கும் போகிறது. மேலே தூவிய உப்பால் ஆகாத வேலை அது. வெளிச்சுவர் இளகுகிறது. வடிகட்டி, அந்தச் சூட்டோடு பாத்திரத்தை மூடி இரண்டு குலுக்குக் குலுக்கினால் துண்டுகளின் ஓரம் மழுங்கி, மேலெல்லாம் மாவுபோல் ஒரு பூச்சு படியும். பிறகு அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்கடியில் வைக்க வேண்டும். முதலில் பளபளவென்று ஈரமாகத் தெரிகிற கிழங்கு, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மங்கி, மேலே வெள்ளை பூத்து, விரல் வைத்தால் ஒட்டாத நிலைக்கு வரும். அந்த வெள்ளைப் பூச்சுதான் ரோஸ்ட்டின் மூலதனம். எண்ணெயில் விழுந்ததும் அது காய்ந்து பொருக்காகிறது. மேலே கரடுமுரடாக இருப்பதால் எண்ணெய் படும் பரப்பும் அதிகம். கத்தி வெட்டிய வழவழப்பான பச்சைத் துண்டுக்கு இந்த யோகமே இல்லை.

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்கு உருளை ரோஸ்ட் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுக்கு ஓவன், மாட்டுக்கொழுப்பு, வாத்துக்கொழுப்பு. நமக்கு இரும்புச் சட்டி, கடலை எண்ணெய். ஆனால் அரைவேக்காடு, குலுக்கல், காய்ந்த கொழுப்பு என்ற வரிசை ஒன்றே. கிழங்கு ரகத்தைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள்; 1902இல் வந்த கிங் எட்வர்ட், 1966இல் வந்த மாரிஸ் பைப்பர் என்று. அவர்கள் சமையலில் நாம் பொறாமைப்பட அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். இந்த ஒரு பண்டத்தில் மட்டும் சலாம் போடத்தான் வேண்டும்.

சரி, 'கொழகொழ' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அது பொய் இல்லை. வேகவைத்த கிழங்கு குழைந்துபோய் ரோஸ்ட் உப்புமா மாதிரி ஆன வீடுகள் நிறைய உண்டு. ஆனால் அங்கே குற்றவாளி தண்ணீர் இல்லை, பிரஷர் குக்கர். சாதத்தோடு சாதமாக மேல் தட்டில் கிழங்கை வைத்து மூன்று விசில், நாலு விசில் விட்டால் உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்குகிறது. தோல் வெடித்து, வெளிப்பக்கம் கரைந்து, மசிக்கத் தயாராகிவிடும். மசால் தோசைக்கும் போண்டாவுக்கும் அது சரி. ரோஸ்ட்டுக்கு வேண்டியது முக்கால் வேக்காடு: கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. அதைக் குக்கருக்குள் எட்டிப்பார்த்துத் தீர்மானிக்க முடியாது. திறந்த பாத்திரத்தில்தான் முடியும். குக்கர் செய்த தப்புக்குக் கொதிநீரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

கிழங்கின் ரகத்தையும் கவனிக்க வேண்டும். நாம் கடையில் 'உருளை அரைக் கிலோ' என்று கேட்பதோடு சரி. தக்காளியை அமுக்கிப் பார்க்கும் அளவுக்குக்கூட உருளையை ஆராய்வதில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரிக் கிழங்கும் வரும், குஜராத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வருவதும் வரும். இரண்டும் சட்டியில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் குஃப்ரி என்ற முன்பெயரோடு வெளியிட்ட ரகங்களில் 1968இல் வந்த குஃப்ரி ஜோதி மலையில் நன்றாக நிலைத்தது. 1998இல் வந்த குஃப்ரி சிப்சோனா சிப்ஸ் கம்பெனிகளுக்காகவே உருவானது. தண்ணீர் குறைவு, மாவு அதிகம். மாவு அதிகமான கிழங்கு சீக்கிரம் உடையும், ஆனால் அருமையாகப் பொருக்குக் கட்டும். தண்ணீர்க் கிழங்கு உருக் குலையாது, பொருக்குக் கட்டவும் சோம்பும். புதிதாகத் தோண்டிய, நகத்தால் கீறினால் தோல் உரியும் இளங்கிழங்கு இந்த இரண்டாம் கட்சி.

இரண்டுக்கும் நம் அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. கிழங்கின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசை, புளிப்பில் இறுகும், காரத்தில் கரையும். உடைந்துபோகும் ரகமாக இருந்தால் வேகவைக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி புளித்தண்ணீர் விடலாம். புளிக்குழம்பில் போட்ட உருளை எவ்வளவு கொதித்தாலும் முழுசாக நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பொருக்குக் கட்டாத ரகமாக இருந்தால் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி ஆப்பசோடா. மேற்பரப்பு சட்டென்று இளகி, குலுக்கும்போது நிறைய மாவு படியும்; நிறமும் சீக்கிரம் ஏறும். சோடா போடுகிற அன்றைக்குத் தண்ணீரில் மஞ்சள்தூள் மட்டும் போட்டுவிடாதீர்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதுபோல் இதுவும் செம்பழுப்பாகும். அப்புறம் கிழங்கைப் பார்த்து வீட்டில் ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள்.

வேகவைப்பதற்கு இன்னொரு வலுவான வாதம் உண்டு. எதிர்க்கட்சி அதைத் தொடுவதே இல்லை. வருஷத்தில் பாதி நாள் நாம் வாங்குவது குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கிழங்கு. நாலைந்து டிகிரிக் குளிரில் நாள்பட இருந்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். சமைத்தபின் லேசாகத் தித்திக்கும் கிழங்கு இதுதான். இதைப் பச்சையாக எண்ணெயில் போட்டால் ஐந்தே நிமிஷத்தில் கரும்பழுப்பாகிவிடும், உள்ளே வெந்திருக்காது. அடுப்பைக் குறை, கிளறு, தண்ணீர் தெளி என்ற பதற்றமெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. வேகவைத்து வடித்தால் மேற்பரப்பின் சர்க்கரையில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும்; நிறம் மெதுவாக, சீராக ஏறும். இது அழகுக்கு மட்டும் அல்ல. மாவுப் பண்டங்களைப் பொரிக்கும்போதும் வறுக்கும்போதும் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதைச் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். கிழங்கிலுள்ள சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேர்ந்து உண்டாவது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதற்கென்று போட்ட விதிகளில், உருளைக்கிழங்கு வறுவல் தயாரிப்பவர்களுக்குச் சொன்ன வழிகளில் ஊறவைப்பதும் வெந்நீரில் போட்டு எடுப்பதும் உண்டு. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு அதே ஆண்டு பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று ஒரு பிரசாரமே நடத்தியது. கருகலை முறுகல் என்று கொண்டாடும் நம் வழக்கத்துக்கு எதிராக இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எண்ணெய். "எண்ணெயப் பார்த்தா ரோஸ்ட் வராது" என்பது அடுத்த வேதவாக்கு. வேகவைத்துக் காயவைத்த அரைக் கிலோக் கிழங்குக்கு மூன்று, நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். சட்டியின் அடி முழுக்கப் பரவி, ஒவ்வொரு துண்டின் காலும் நனைய வேண்டும், அவ்வளவுதான். பச்சைக் கிழங்கு அதிக எண்ணெய் கேட்பது அதன் ஈரத்துக்காக: சூடு இறங்காமல் இருக்க எண்ணெய் மிகுதியாக வேண்டியிருக்கிறது. அந்த எண்ணெய் கடைசியில் எங்கே போகிறது? வேகும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழைய முடியாது. அடுப்பை அணைத்து, கிழங்கு ஆறத் தொடங்கும்போது உள்ளே ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. பொரித்த பண்டங்கள் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். சட்டியிலேயே விட்டு வைத்தால் அடியில் தேங்கிய எண்ணெய் முழுவதும் கிழங்குக்குள். ஆகவே முறுகியதும் கிழங்கை எடுத்துவிட வேண்டும். 'சட்டிச் சூட்டிலேயே இருக்கட்டும்' என்பது தப்பு உபதேசம்.

கிளறுவது பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். கிளறாமல் இருப்பதுதான் வேலை. அகலமான இரும்புச் சட்டி, இல்லையென்றால் தோசைக்கல்லே போதும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே வரிசையாகப் பரப்ப வேண்டும். குவித்துப் போட்டால் அடியிலிருப்பது விடும் ஆவியில் மேலிருப்பது அவிந்துபோகும். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகப் போடலாம். போட்ட பிறகு ஐந்து நிமிஷம் கரண்டியைக் கீழே வையுங்கள். கண்ணைவிடக் காதுக்கு இங்கே வேலை அதிகம். முதலில் கேட்கும் தடித்த சடசடப்பு தண்ணீர் வெளியேறும் சத்தம். அது மெல்ல இறங்கி, ஒரே சீரான மெல்லிய பொரிசத்தமாக மாறும்போது அந்தப் பக்கம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பொருக்குக் கட்டிய துண்டு தானாகவே சட்டியை விட்டுவிடும். தோசைத் திருப்பியை அடியில் கொடுக்கும்போது ஒட்டினால் இன்னும் ஒரு நிமிஷம் பொறுங்கள். மூன்று நான்கு முறை திருப்பினால் வேலை முடிந்தது. மொத்தம் பதினைந்து, இருபது நிமிஷம், நடுத்தரத் தீயில்.

இடையில் அரிசி மாவுக் கட்சி ஒன்று உண்டு. சோள மாவு, ரவை என்று கிளைகளும் உண்டு. மாவு தூவினால் மொறுமொறுப்பு வரும்தான். அது மாவின் மொறுமொறுப்பு. பஜ்ஜிக்கும் உருளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று கிடைக்கும். ஆறியதும் பூச்சு தனியே உதிரும். கிழங்கே தன் மாவைத் தந்து பொருக்குக் கட்டத் தயாராக இருக்கும்போது வெளியிலிருந்து ஏன் கடன் வாங்க வேண்டும்? ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது விசிறி வைத்த சின்ன ஓவன், அதற்கு மேல் மந்திரம் ஒன்றும் இல்லை. வேகவைத்து, காயவைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் புரட்டி உள்ளே வைத்தால் பிரமாதமாக வரும். பச்சையாக, எண்ணெயே இல்லாமல் வைத்தால் வற்றல் வரும்.

'எங்க பாட்டி காலத்திலேர்ந்து பச்சையாத்தான் பண்றோம்' என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. பாட்டிகளோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பாரம்பரியம் பேசுவதற்கு இந்தக் கிழங்கு தோதான ஆள் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து கடல் தாண்டி வந்தது. நீலகிரிக்கு அதைக் கொண்டுவந்த பெருமை 1820களில் கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனுக்குச் சொல்லப்படுகிறது. இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் உருளைக்கிழங்குக்கு அனுமதி கிடையாது. அது சீமைக் காய். பித்ருக்களே இன்னும் ஏற்றுக்கொள்ளாத கிழங்குக்கு எந்த முன்னோர் விதி எழுதி வைத்தார்? தவிர, கல்யாணச் சமையற்கட்டில் விடியற்காலையில் எட்டிப் பார்த்திருக்கிறேன். அண்டாவில் வெந்த சின்ன உருளையைத் தோலுரித்து ஜமக்காளம் மாதிரி பரப்பி ஆறப்போட்டிருந்தார்கள். முந்நூறு பேருக்கு ரோஸ்ட் போடுகிறவருக்குக் கொள்கைப் பிடிவாதம் கட்டுப்படியாகாது.

'நேரம் ஏது?' என்பது நியாயமான கேள்வி. காலை அவசரத்தில் வேகவைத்து, ஆறவைத்து, வறுத்து என்று மூன்று கட்டம் யாரால் முடியும்? முடியாது. அதனால்தான் முதல் நாள் ராத்திரியே தோலோடு முழுசாகப் பாதிக்கு மேல் வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடச் சொல்கிறேன். குளிர்ந்த மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்ளும். மறுநாள் தோலுரித்து வெட்டினால் துண்டு கத்திபோல் ஓரத்தோடு நிற்கும், உடையவே உடையாது. காலையில் மிச்சமிருப்பது வறுக்கும் வேலை மட்டும். முறைக்கு முறை வைத்துப் பார்த்தால் பச்சைக் கிழங்கோடு மல்லுக்கட்டும் நேரத்தைவிட இது குறைவு. வைட்டமின் சி தண்ணீரோடு போகிறதே என்பவர்களுக்கு: கொஞ்சம் போகிறதுதான். பக்கத்தில் எலுமிச்சை ரசம் வையுங்கள்.

கடைசியாக மசாலா. மிளகாய்த்தூளை ஆரம்பத்திலேயே பிசிறுவதுதான் இந்த முழுச் சட்டத்தின் மிக மோசமான பிரிவு. காய்ந்த எண்ணெயில் மிளகாய்த்தூள் சில நொடிகளில் கருகும். அதை இருபது நிமிஷம் வறுத்தால் மிஞ்சுவது கசப்பும் கருநிறமும். கிழங்கு முழுசாக முறுகிய பிறகு தீயைத் தணித்து, இடித்த பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பிடித்தால் கொஞ்சம் பொடித்த சோம்பு என்று போட்டு ஒரே நிமிஷம் புரட்டினால் காரம் கிழங்கைப் பற்றிக்கொள்ளும், வாசனையும் போகாது. கடுகு, உளுத்தம்பருப்பையும் தனியே தாளித்துக் கடைசியில் கொட்டலாம். முதலில் போட்டால் இறக்கும்போது இரண்டும் கரிக்கட்டை.

இவ்வளவும் செய்தபின் ஒரு தட்டைப் போட்டு மூடிவிடாதீர்கள், ஹாட் பாக்ஸில் அடைக்கவும் வேண்டாம். அடைத்த ஐந்து நிமிஷத்தில் ஆவி பொருக்கைக் கரைத்துவிடும். டிஃபன் டப்பாவுக்கு ரோஸ்ட் கட்டிக்கொடுத்து, மத்தியானம் வரை மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு என்னிடமும் வழியில்லை. அதற்குப் பொடிமாஸ் இருக்கிறது. அன்றைக்குத் தாராளமாக மூன்று விசில் விடலாம்.